வீடு நிறைய ஆள்... கவனிக்கத்தான் ஆளில்லை!

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்தால் பிள்ளைகளுக்கு லீவு, வாத்தியார்களுக்கு லீவு. நம்மைப் போன்ற பெண்களுக்கு மட்டும் அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம். 'லீவுக்கு வர்றோம்' என்று ஒரு போன் வந்தால் போதும்... பாயும் தலையணையும் வெயிலில் காயும், இட்லி மாவு ஒரு பாத்திரம் மூன்றாகும். 2025 மே மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கடிதம். பாதி வரை சிரிக்கலாம்.

பழனிக்கு வடக்கே தொப்பம்பட்டி எங்கள் ஊர். கணவர் முருங்கையும் மக்காச்சோளமும் போடுகிறார். இரண்டு கறவை மாடுகள். மாமியார், ஒன்பதாவது போகும் மகள், மூன்று வயது மகன் என்று அளவான குடும்பம். அந்த லீவில் திருப்பூரிலிருந்து நாத்தனார் தன் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தார். என் தங்கை மகனும் வந்து சேர்ந்தான். ஆக, ஒரே கூரைக்கடியில் பத்துப் பேர்.

திட்டம் இரண்டு. ஒன்று, சின்னவனுக்குப் பழனியில் மொட்டை. அதில் என் மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். "மத்தது எது நின்னாலும் மொட்டை நிக்கக் கூடாது அம்மணி" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுவார். ஏன் இத்தனை பிடிவாதம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, ஒருநாள் கொடைக்கானல். அது பிள்ளைகளின் பிடிவாதம்.

மொட்டைக்கு 2021-லிருந்து கோயில்களில் கட்டணம் கிடையாது. அதனால் செலவில்லாமல் முடிந்தது என்று சந்தோஷப்பட்டோம். சந்தோஷம் அரை மணி நேரம்தான். 2023 அக்டோபரிலிருந்து பழனி மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டு போக முடியாது. கீழேயே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு போனுக்கும் சேர்த்து வாங்கிய டோக்கனை என் கணவர் பத்திரமாக வைத்தார். எங்கே வைத்தார் என்பதுதான் அவருக்கே தெரியவில்லை! சட்டைப் பை, வேட்டி மடிப்பு, என் கைப்பை எல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று. கடைசியில் பஞ்சாமிர்த டப்பா வாங்கிய பையின் அடியில், டப்பாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாத்தனார் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி நிரம்பி வாசல் முழுக்கச் சேறு. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, "கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டுப் பாலை எல்லாம் குடிச்சிருச்சு" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். அன்றைக்கு எல்லாருக்கும் வரக்காப்பிதான்.

ஒரு நாள் விட்டு, கொடைக்கானலுக்கு வேன் பிடித்தோம். மலைக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்ற நடைமுறை 2024 மே 7-ஆம் தேதியே வந்துவிட்டது. எங்களுக்கோ அடிவாரத்தில் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. என் மகளும் தங்கை மகனும் போனில் பதிந்து வாங்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் மலையில் தடை. நான் காய்ச்சி ஆற வைத்து நிரப்பியிருந்த தண்ணீர் எல்லாம் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்களில்! எவர்சில்வர் கூஜா ஒன்று பரண் மேல் சும்மாதான் கிடந்தது. புத்தி வீட்டிலேயே தங்கிவிட்டது. தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு ஏறினோம்.

கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பிள்ளைகள் வாந்தி. மேலே போனதும் ஆளுக்கொரு திசை. யாரோ ஒருவர் சின்னவனுக்கு ஐஸ் போட்ட ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்கள், யாரோ நறுக்கிய பழம் கொடுத்தார்கள். எது ஒத்துக்கொள்ளாமல் போனது என்று இன்று வரை தெரியாது.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. முதலில் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. தண்ணீர் தண்ணீராகப் போனது. "வவுத்தால போறப்ப தண்ணி குடுத்தா இன்னும் போவும். வவுறு காயட்டும்" என்றார் மாமியார். நாத்தனாரோ, "இல்லண்ணி, எதாச்சும் குடுத்துட்டே இருக்கணும்" என்றார். என் கணவர் பழனி வரை வண்டியில் போய், திறந்திருந்த ஒரு கடையில் மூன்று அட்டைப் பெட்டிப் பானம் வாங்கி வந்தார். முகப்பில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகள் பெரிதாக இருந்தன. டாக்டர்கள் கொடுக்கச் சொல்லும் அதேதான் என்று நம்பினோம். இனிப்பாக இருந்ததால் பிள்ளையும் ஆசையாகக் குடித்தான். விடிவதற்குள் மூன்றும் காலி. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, கூடியது.

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். பத்துப் பேருக்குப் பசிக்குமே! பிள்ளை மாமியார் மடியில் இருக்கிறான், நாத்தனார் பார்க்கிறார், மகள் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்குத் தூக்கினால் கை கால் துவண்டு கிடந்தது. கண் குழி விழுந்திருந்தது. முனகி அழுதான்... கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டுப் பார்த்தார். தோல் உடனே பழையபடி போகவில்லை. "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டார்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். வாசலில் போயிருப்பான், யாராவது கூட்டிப் போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். எத்தனை தடவை வயிற்றுப்போக்கு என்றதற்கும் மூன்று பேர் மூன்று கணக்குச் சொன்னோம். பத்துப் பேர் இருந்த வீட்டில், ஒரு பிள்ளை ராத்திரி முழுக்க ஒண்ணுக்குப் போகாததை ஒருவரும் கவனிக்கவில்லை. பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளவே அன்றைக்குக் கூச்சமாக இருந்தது.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். மதியம் அவன் ஒண்ணுக்குப் போனபோது, ஏதோ பரீட்சையில் பாஸ் ஆனதுபோல் நாங்கள் அழுதோம்.

நாங்கள் கொடுத்த பானத்தின் காலி அட்டையை டாக்டரம்மாவிடம் காட்டினேன். "இது வெறும் சர்க்கரைத் தண்ணிம்மா" என்றார். சர்க்கரை அதிகமான பானம் குடலுக்குள் போனால், உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்கு இழுத்து வெளியேற்றிவிடுமாம். சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சி உடம்புக்குக் கொடுக்குமாம். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுப்படி ஒரு லிட்டருக்கான பொடியில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும்.

அதுவரை பேசாமல் இருந்த மாமியார், "இந்தப் பொடி எப்பத்துலருந்துங்க இருக்குது?" என்று கேட்டார். "ரொம்பப் பழசும்மா. எழுபத்தொண்ணுலயே ஆயிரக்கணக்கானவங்களைக் காப்பாத்துச்சு" என்றார் டாக்டரம்மா. வங்கதேசப் போரின்போது எல்லைப்புற பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே கொடுக்க வைத்தாராம். சாவு மளமளவென்று குறைந்ததாம். 2022-ல் காலமான அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள் என்பதை என் மகள் பிறகு போனில் தேடிப் படித்துக் காட்டினாள்.

மாமியார் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "உன் வூட்டுக்காரனுக்கு அடுத்து ஒண்ணு பொறந்துச்சு அம்மணி. எம்பத்தாறுல. ஒண்ணரை வயசு. இதே மாதிரிதான் போச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு. குடுக்கக் கூடாதுன்னாங்க... நான் குடுக்கல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பழனியில மொட்டை அடிக்கறதா வேண்டியிருந்தேன்" என்றார்.

கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. என் கணவருக்கும் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

இரண்டு நாளில் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அங்கே சொல்லிக் கொடுத்ததைச் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்:

பொடி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்; கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். கடையில் வாங்கினால், உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் முதல் அரை டம்ளர், பெரிய பிள்ளைக்கு அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்த வேண்டாம். டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, வயிறு சரியானாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். அவசரத்துக்குப் பொடி இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண் குழி விழுந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஒண்ணுக்குப் போகாவிட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அட்டைப் பெட்டி சமாசாரத்துக்கும் ஒரு முடிவு வந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷமாகப் போராடியதை அடுத்து, உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் தங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடவே கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. பேப்பரில் அதைப் படித்தபோது, முன்பின் பார்த்திராத அந்த டாக்டரம்மாவை மனசுக்குள் கும்பிட்டேன்.

2025 டிசம்பர் அரையாண்டு லீவுக்கும் அதே கூட்டம் வந்தது. இந்தத் தடவை வந்த அன்றே பிள்ளைகளைப் பங்கு போட்டுவிட்டேன். இன்ன பிள்ளைக்கு இன்னார்தான் பொறுப்பு. 'யாராவது பார்ப்பாங்க' என்ற பேச்சே கிடையாது. உடம்பு சரியில்லை என்றால், என்ன கொடுத்தோம், எத்தனை தடவை போனது என்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நேரத்தோடு எழுத வேண்டும். "ஆஸ்பத்திரி மாதிரி பண்றீங்கண்ணி" என்று நாத்தனார் கேலி செய்தாலும், அவர்தான் முதலில் பேனா எடுத்தார்.

மாமியார் தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறார். வீட்டில் ஒரு பெரிய பித்தளைச் சொம்பு உண்டு. பால் சொசைட்டிக்குப் போய் ஒரு லிட்டர் அளந்து ஊற்றச் சொல்லி, சொம்பின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறிக்கொண்டு வந்துவிட்டார். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நான்கு பாக்கெட் பொடியும் அந்தச் சொம்பும் எப்போதும் இருக்கும். தெருவில் எந்தப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றாலும், எழுபது வயசில் சொம்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்கிறார்.

"தண்ணி குடுங்க சாமி, தண்ணி குடுங்க" என்று அவர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

– ஒரு வாசகி, தொப்பம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்.