மருந்துச் சீட்டில் கிரேக்கம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை தமிழர்களுக்கும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் நோய் வந்தால் மொழியும் ஒரு சிக்கலாகி விடுவதுண்டு. நோயாளி தமிழில் சொல்வார். டாக்டர் மலையாளத்தில் கேட்பார். சீட்டில் எழுதுவதோ ஆங்கிலம். அந்த ஆங்கிலத்துக்குள் இருப்பது பெரும்பாலும் கிரேக்கமும் லத்தீனும்தான். ரத்தம் பற்றிய சொற்களே இதற்கு நல்ல சான்று.

கிரேக்க மொழியில் ரத்தத்துக்கு 'ஹைமா' என்று பெயர். அதனுடன் 'உடைத்துக்கொண்டு வருதல்' என்னும் பொருளுடைய சொல் சேர்ந்து 'ஹெமரேஜ்' ஆயிற்று. அதாவது ரத்தப்போக்கு. இன்மையைக் குறிக்கும் 'அன்' முன்னே நின்றால் 'அனீமியா'. நேர்ப்பொருள் 'ரத்தமின்மை' என்றாலும் அஞ்ச வேண்டியதில்லை; ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்பதே கருத்து. இந்த ஹீமோகுளோபினில் முற்பாதி கிரேக்கம். பிற்பாதி, உருண்டை எனப் பொருள்படும் 'குளோபஸ்' என்ற லத்தீன். அட்டப்பாடிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் பரம்பரை நோயான 'சிக்கிள் செல் அனீமியா'வில், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து விடுகின்றன. சிக்கிள் என்றால் அரிவாள்.

வேடிக்கையான பெயரும் உண்டு. காயம்பட்டால் ரத்தம் எளிதில் உறையாத நோய் 'ஹீமோபிலியா'. 'பிலியா' என்றால் பிரியம்!

பெயரைப் பிரித்தறிவதில் பெரும் பயனும் இருக்கிறது. 'வாயில் ரத்தம் வந்தது' என்று மட்டும் நோயாளி சொன்னால் போதாது. இருமும்போது வந்தால் அது 'ஹீமாப்டிசிஸ்'. பிற்பாதிக்குத் துப்புதல் என்று பொருள். வாந்தியில் வந்தால் 'ஹெமட்டெமெசிஸ்'. இங்கே பிற்பாதி வாந்தி. முன்னதில் டாக்டரின் கவனம் நுரையீரலுக்குப் போகும். பின்னதில் இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும். இருமலா, வாந்தியா, சிவப்பா, காப்பித்தூள் போல் கறுப்பா என்று நோயாளி விளங்கச் சொன்னால் சிகிச்சை வழிதவறாது.

மலையாளத்தில் 'ரக்தஸ்ராவம்' என்பார்கள். ஒழுகுதலைக் குறிக்கும் இந்த 'ஸ்ராவ'மும், 'டயரியா', 'ஹெமராய்டு' என்ற சொற்களில் உள்ள கிரேக்க வினையும் ஒரே வேரின் கிளைகள் என்பது மொழி நூலார் முடிவு. அன்றாட மலையாளத்தின் 'சோர'யோ, பழந்தமிழின் 'சோரி'க்கு உறவு. ஆகவே ரத்தப்போக்கு என்றோ, உதிரப்போக்கு என்றோ தயங்காமல் சொல்லலாம்.

இச்சொற்களைத் தமிழில் விளக்க முடியாது என்பதும் சரியல்ல. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களும் வெளியிட்டார். எனவே சீட்டில் உள்ள சொல் புரியாவிட்டால், 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? அது நோயாளியின் உரிமை.