25 டாலருக்கு ஒரு மஞ்சள் சீட்டு

பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் கூகுள் மேப் கடைகளை வரிசைப்படுத்துகிறது என்று போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் போலி முகவரிகள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் நுழையும் முன் ‘டேக்ஸ்’ என்ற பழைய திட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2010-இல் கூகுள் அமெரிக்கக் கடைக்காரர்களுக்கு விற்றது இது. மாதம் 25 டாலர் கட்டினால் தேடல் பட்டியலிலும் வரைபடத்திலும் கடையோடு ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொள்ளும். அதில் கூப்பனோ, போட்டோவோ, மெனுவோ காட்டலாம். ஆனால் ஐந்தாவதாக இருந்த கடை, சீட்டு ஒட்டிய பிறகும் ஐந்தாவதாகவே இருக்கும். வரிசை மாறாது என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தெருமுனை சலூனுக்கும் ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஹோட்டலுக்கும் ஒரே கட்டணம். 2011 ஏப்ரலில் இதை மூடிவிட்டார்கள்.

அதன்பின் கிளிக்குக்குக் காசு என்ற ஏல முறையே நிலைத்தது. வழி கேட்டுத் தொட்டாலும், போன் செய்யத் தொட்டாலும் கடைக்காரர் கணக்கில் பணம் கழியும். 2016-இல் விளம்பரதாரரின் லோகோவோடு ஊதா நிறப் பின் வரைபடத்துக்கே வந்தது. அந்தப் பின் மீது எனக்குப் பெரிய புகார் இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் கடை இருக்கும் இடத்தை விட்டு அது நகராது. கோளாறு பட்டியலின் உச்சியில் இருக்கிறது. பல்வலியோடு டாக்டரைத் தேடுகிறவர் கேட்பது ‘பக்கத்தில் யார்?’ என்பதை. அங்கே மேலே நிற்பவர் ஏலத்தில் வென்றவர். மூன்று கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். பத்திரிகையில் முதல் பக்க விளம்பரத்தைப் பார்த்து, அந்தக் கடைதான் நமக்கு அருகில் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. வரைபடத்தில் நினைப்போம், ஏனென்றால் தூரத்தைச் சொல்வதுதான் அதன் வேலை.

‘விளம்பரம்’ என்று குறிப்பிடத்தானே செய்கிறார்கள் என்பார்கள். குறிப்பிடுகிறார்கள்தான், சின்ன எழுத்தில். அவசரத்தில் தேடுகிறவர் விரல் முதல் பெயரைத்தான் தொடும். இலவச வரைபடத்துக்கு யாராவது பணம் கட்டித்தானே ஆக வேண்டும் என்பதும் நியாயமே. எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு, நேற்றுத் திறந்த கடையைப் பற்றியது. ரிவ்யூ ஒன்றுகூட இல்லாத அந்தக் கடை, பணம் கட்டாமல் யார் கண்ணில் படும்? இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஏலம் அந்தக் கடைக்கு உதவும் என்று எப்படிச் சொல்வது? விளம்பரத்தின் தரத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள் என்றாலும், கிளிக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தாங்குகிறவருக்கே அங்கே கை ஓங்கும். புதுக் கடைக்காரருக்குத் தேவை அவரால் கட்ட முடிகிற நிலையான கட்டணம், தன் இடத்திலேயே பளிச்சென்று தெரிகிற ஒரு பின். மஞ்சள் சீட்டு அதற்கு மிக அருகில் வந்த திட்டம். அதைக் கைவிட்டது தவறு.

பூட்டுத் திறப்பவர்கள் பெயரில் அமெரிக்க நகரங்களில் முளைத்த போலி முகவரிகள் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் தெருவில் நின்று ‘பார்மசி’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். முதலில் வரும் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசியுங்கள்.