ஒரு கருத்துக்கு ஒரு சொல்: மென்பொருள் கையேடுகளில் கலைச்சொல் சீர்மை

அரசுப் பணிகளில் கணிப்பொறியின் பங்கு பெருகப் பெருக, மென்பொருளுக்குரிய கையேடுகளும் அலுவலகக் கோப்புகளுக்கு நிகரான முக்கியத்துவம் பெற்று வருகின்றன. நில ஆவணம், ஓய்வூதியம், பொது விநியோகம் முதலிய துறைகளில் இயங்கும் மென்பொருள்கள் நெடுங்காலம் பயன்பட வேண்டியவை. அவற்றை எழுதியவர்கள் வேறு பணிக்குச் சென்ற பின்னரும், புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் அவற்றை மூலநிரலிலிருந்து மீண்டும் உருவாக்கி இயக்க இயல வேண்டும். திறந்த மூல மென்பொருள்களை ஏற்பதற்கான கொள்கையையும், அரசுப் பயன்பாடுகளின் மூலநிரலைத் திறந்து பகிர்வதற்கான கொள்கையையும் இந்திய அரசு 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒரு துறை எழுதியதை மற்றொரு துறை எடுத்தாளும் இம்முறையில், உருவாக்கும் வழியைக் கூறும் கையேடு தெளிவாக இல்லையெனில் பகிர்வின் பயன் குறைந்துவிடும். அத்தெளிவுக்கு அடிப்படையாக அமைவது சொற்களின் சீர்மையாகும்.

உருவாக்கக் கருவியின் பணி

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணிப்பொறி நேரடியாக இயக்குவதில்லை. கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி அதனை இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். பின்னர்ப் பல பகுதிகளையும் இணைத்து ஒரே நிரலாக்க வேண்டும். பெரிய மென்பொருளில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கக்கூடும். ஒன்றில் சிறு திருத்தம் செய்தால், அதனால் பாதிக்கப்படும் கோப்புகள் எவை, எவற்றை மட்டும் மீண்டும் செய்தால் போதும் என்பதை மனிதர் நினைவில் வைத்திருத்தல் இயலாது. இப்பொறுப்பை ஏற்பதே உருவாக்கக் கருவி.

இவ்வகைக் கருவிகளுள் புகழ்பெற்ற ‘மேக்’ என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976ஆம் ஆண்டில் உருவாக்கினார். இன்றும் பரவலாகப் பயன்படும் இக்கருவிக்கு விதிகளின் வடிவில் கட்டளை தரப்படுகிறது. ஒவ்வொரு விதிக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. உருவாக்கப்பட வேண்டிய கோப்பு ‘டார்கெட்’, அதாவது இலக்கு. அதற்கு முன்பே இருக்க வேண்டிய கோப்புகள் ‘ப்ரீரெக்விசிட்’, அதாவது முன்தேவை. முன்தேவையிலிருந்து இலக்கை ஆக்கும் கட்டளை வரிகள் ‘ரெசிபி’, அதாவது செய்முறை. முன்தேவைகளுள் ஏதேனும் ஒன்று இலக்கைவிடப் புதியதாக இருந்தால் செய்முறையை மீண்டும் நடத்த வேண்டும். இல்லையெனில் இலக்கை அப்படியே விட்டுவிடலாம். கருவியின் அடிப்படைத் தத்துவம் இவ்வளவே.

பெயர் திருந்திய வரலாறு

இம்மூன்று பெயர்களும் தொடக்கத்திலிருந்தே இவ்வாறு இருந்தனவல்ல. மேக் கருவியின் கட்டற்ற வடிவமான ‘குனு மேக்’ கையேடு ஒரு காலத்தில் முன்தேவையை ‘டிபென்டன்சி’, அதாவது சார்பு என்றும், செய்முறையைக் ‘கமாண்ட்ஸ்’, அதாவது கட்டளைகள் என்றும் குறித்து வந்தது. இரண்டும் பழக்கமான சொற்களே. ஆயினும் இரண்டிலும் ஐயத்துக்கு இடமுண்டு. சார்பு என்பது இரு கோப்புகளுக்கு இடையிலான உறவையும் குறிக்கலாம். சார்ந்து நிற்கப்படும் கோப்பையும் குறிக்கலாம். கட்டளை என்பது விதியின் ஓர் உறுப்பு முழுவதையும் குறிக்கலாம். அதிலுள்ள ஒரு வரியையும் குறிக்கலாம். பயனாளர் தட்டச்சிடும் ‘மேக்’ என்னும் கட்டளையையும் குறிக்கலாம். ‘கட்டளையைத் திருத்துக’ என்னும் அறிவுரையைப் படிக்கும் மாணவர் இவற்றுள் எதனைத் திருத்துவது?

கையேட்டில் முதலில் ‘ப்ரீரெக்விசிட்’ என்னும் சொல் நிலைபெற்றது. பின்னர் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 3.82ஆம் பதிப்பில் ‘ரெசிபி’ என்னும் சொல் ஏற்கப்பட்டது. அப்போது கையேடு மட்டும் மாறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முதல் இலக்குக்கு முன்பாகவே கட்டளைகள் தொடங்குகின்றன என்று அறிவித்து வந்த கருவியின் பிழைச்செய்தி, முதல் இலக்குக்கு முன்பாகவே செய்முறை தொடங்குகிறது என மாற்றப்பட்டது. அப்பதிப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்ட சிறப்பு மாறி ஒன்றின் பெயரிலும் ‘ரெசிபி’ என்னும் சொல்லே இடம்பெற்றது.

இதன் பயன் பெரிது. பிழை நேர்ந்ததும் பயனாளர் முதலில் காண்பது பிழைச்செய்தியையே. அதிலுள்ள சொல்லைக் கொண்டே அவர் கையேட்டில் தேடுகிறார். செய்தியில் ஒரு சொல்லும் கையேட்டில் வேறொரு சொல்லும் இருந்தால், விடை கையேட்டில் இருந்தும் அவர் கைக்கு எட்டாது. எனினும் இத்தகைய சீர்திருத்தம் முழுமை பெறுவது எளிதன்று. 2022ஆம் ஆண்டின் 4.4ஆம் பதிப்பிலும், இரு இலக்குகள் ஒன்றையொன்று முன்தேவையாகக் கொண்டால் தோன்றும் எச்சரிக்கையில் பழைய ‘டிபென்டன்சி’ என்னும் சொல்லே நிற்கிறது.

ஒரே சொல், மாறுபட்ட பொருள்

ஒரு கருவிக்குள் சீர்மை காப்பது ஒரு பணி. கருவிகளுக்கு இடையே சொற்கள் மோதும்போது எச்சரிக்கை தருவது மற்றொரு பணி. ‘ஆன்ட்’ என்னும் கருவியில் ஒரு ‘டார்கெட்’டுக்குள் பல ‘டாஸ்க்’குகள் அடங்கும். பின்னர் வந்த ‘கிரேடில்’ கருவியிலோ ‘டாஸ்க்’ என்பதே மேலலகு. அதற்குள் பல ‘ஆக்ஷன்’கள் அடங்கும். ஆன்ட் கோப்பைக் கிரேடிலுக்குள் கொணரும்போது, முன்னதன் டார்கெட் பின்னதன் டாஸ்க்காகக் கொள்ளப்படுகிறது. முதற்கருவியில் பழகியவர் இரண்டாவதன் கையேட்டைப் படிக்கையில் ஒரு படி தவறிப் பொருள் கொள்ள வாய்ப்புண்டு.

இதனினும் சிக்கலானது ‘ஹோஸ்ட்’ என்னும் சொல். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைக்கப்பட்ட ‘சக்தி’ செயலிக்கு ஒரு மாணவர் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். உருவாக்கும் பணி அவரது மேசைக் கணிப்பொறியில் நடைபெறுகிறது. உருவான நிரல் இயங்குவதோ சக்தி செயலியில். ‘ஆட்டோகான்ஃப்’ என்னும் கருவியின் வழக்கில், உருவாக்கம் நடைபெறும் இயந்திரம் ‘பில்டு’. நிரல் இயங்கவிருக்கும் இயந்திரம் ‘ஹோஸ்ட்’. ஆகவே இங்கு ஹோஸ்ட் என்பது சக்தி செயலி. ‘சிமேக்’ என்னும் கருவியிலோ ஹோஸ்ட் எனத் தொடங்கும் மாறிகள் கருவி இயங்கும் இயந்திரத்தையே சுட்டுகின்றன. ஆகவே ஹோஸ்ட் என்பது மேசைக் கணிப்பொறி. ‘பேசல்’ என்னும் கருவியிலும் ஹோஸ்ட் என்பது கருவி இயங்கும் இடமே. நிரல் இயங்கவிருக்கும் இடத்துக்கு அதில் ‘டார்கெட்’ என்று பெயர். மேக் கருவியில் அதே டார்கெட் ஒரு கோப்பைக் குறிப்பதை முன்பே கண்டோம்.

இவற்றுள் எந்த வழக்கும் தவறானதன்று. ஒவ்வொன்றும் தன்னளவில் முறையானது. ஆனால் இக்கருவிகளுள் இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்தும் திட்டத்தின் கையேடு ‘ஹோஸ்ட் இயந்திரத்தின் பெயரைத் தருக’ என்று மட்டும் கூறுமானால், அதனைப் பின்பற்றுபவர் தவறான இயந்திரத்துக்குரிய நிரலை உருவாக்க நேரிடும். உருவாக்கம் பிழையின்றி முடிந்தது போலத் தோன்றும். நிரல் உரிய இடத்தில் இயங்காது. காரணத்தைக் கண்டறிவதில் பல நாட்கள் கழியும்.

பெயரை மாற்றும் முறை

பொருந்தாத பெயரை மாற்றுவதும் சில வேளைகளில் தேவையாகிறது. கிரேடில் கருவியில் ஒரு நூலகத்துக்குத் தேவையான பிற நூலகங்களைக் ‘கம்பைல்’ என்னும் தலைப்பின்கீழ் அறிவிப்பது வழக்கமாயிருந்தது. இவ்வொரு சொல்லுக்குள் இரு கருத்துகள் கலந்திருந்தன: நூலகம் தன் உட்பயனுக்காகக் கொள்வது ஒன்று, தன்னைப் பயன்படுத்துவோருக்கும் வெளிப்படுத்துவது மற்றொன்று. 2017ஆம் ஆண்டில் வந்த 3.4ஆம் பதிப்பில் உட்பயனுக்கு ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்றும், வெளிப்படுத்துவதற்கு ‘ஏபிஐ’ என்றும் தனித்தனிப் பெயர்கள் வந்தன. பழைய பெயர் 2021ஆம் ஆண்டில் வெளியான 7.0ஆம் பதிப்பில்தான் நீக்கப்பட்டது.

இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பயனாளருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் எனலாம். அவ்வளவு அவகாசம் இருந்தும், பழைய பாடக்குறிப்புகளைக் கொண்டு பயிலும் மாணவர் ‘கம்பைல்’ என எழுதினால், அப்பெயரில் எதுவும் இல்லை என்னும் செய்தியையே புதிய பதிப்பு தரும். பெயர் மாற்றத்தை அறிவித்தல், இரு பெயர்களையும் சில காலம் ஏற்றல், பழையதைப் பயன்படுத்துவோரை எச்சரித்தல், இறுதியில் நீக்குதல் என்னும் வரிசை இதனால் இன்றியமையாததாகிறது. நீக்கிய பின்னரும் கையேட்டின் பொருளடைவில் பழைய பெயரை வைத்து, ‘இப்போது இன்ன பெயர்’ என்று வழிகாட்டுதல் நலம்.

சட்டமும் தரமும் காட்டும் வழி

இந்நெறி அலுவலர்களுக்குப் புதியதன்று. 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், மத்தியச் சட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு ஓரிடத்திலேயே வரையறை தருகிறது. ‘மாதம்’ என்பது எந்த நாட்காட்டியின்படி என்று ஒவ்வொரு சட்டத்திலும் வினவ வேண்டியதில்லை. கணிப்பொறி வலையமைப்புத் துறையிலும், ‘கட்டாயம்’, ‘பரிந்துரை’, ‘விருப்பம்’ என்னும் மூன்று நிலைகளைக் காட்டும் ஆங்கிலச் சொற்களின் பொருள் 1997ஆம் ஆண்டின் 2119ஆம் எண் இணைய ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. கலைச்சொல் பணிக்கெனச் சர்வதேசத் தர நிறுவனம் வகுத்துள்ள 704ஆம் எண் தரம், ஒரு கருத்துக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்பதையே விரும்பத்தக்க நிலையாகக் கொள்கிறது.

இலக்கிய நடையில் ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் எழுதுதல் குறையாகக் கருதப்படலாம். கையேட்டில் அதுவே சிறப்பு. முதல் பத்தியில் ‘செய்முறை’ என்றும் அடுத்த பத்தியில் ‘வழிமுறை’ என்றும் எழுதினால், இவை வெவ்வேறு பொருள்களோ எனப் படிப்பவர் ஐயுறுவார்.

தமிழாக்கத்தில் கருத வேண்டியவை

மூல ஆவணத்தில் உள்ள குழப்பம் மொழிபெயர்ப்பில் பெருகும். தமிழில் ‘சார்பு’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. பள்ளிக் கணிதப் பாடநூலில் அது ‘ஃபங்ஷன்’ என்பதற்குரிய சொல். அதனையே மென்பொருள் கையேட்டில் டிபென்டன்சிக்கும் வழங்கினால், ஒரே பக்கத்தில் இரு பொருள்களும் வரக்கூடும். ‘தொகுப்பு’ என்பதும் அவ்வாறே: கம்பைல் செய்தல், பொதியாகக் கட்டுதல், பலவற்றைச் சேர்த்தல் ஆகிய அனைத்துக்கும் அச்சொல் எளிதில் வந்துவிடுகிறது. இந்திய மொழிகளில் அறிவியல் சொல்லாக்கத்துக்கென 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் பணியும், மாநிலங்களின் சொல்லாக்க முயற்சிகளும் உதவியாக அமையும். ஆயினும் ஒரு குறிப்பிட்ட கருவியின் கருத்துகளுக்கு ஏற்பச் சொற்களைப் பிரித்து நிறுவுதல் கையேட்டை எழுதுவோரின் கடமையாகும்.

செய்யத்தக்கவை

மென்பொருளைப் பெறும் துறைகள் சில ஏற்பாடுகளை ஒப்பந்த நிலையிலேயே வலியுறுத்தலாம். முதலாவதாக, கையேட்டுடன் வரையறைகள் அடங்கிய சொற்பட்டியல் ஒன்று இணைக்கப்பட வேண்டும். விலக்க வேண்டிய சொற்களும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, பட்டியலுக்கு ஒருவரே பொறுப்பாளராக இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, கட்டளைப் பெயர்களும் பிழைச்செய்திகளும் அப்பட்டியலுக்கு உட்பட வேண்டும். நான்காவதாக, விலக்கிய சொல் மீண்டும் நுழைந்தால் சுட்டிக்காட்டும் சோதனை நிரல்கள் எளிதில் கிடைக்கின்றன. மூலநிரலைச் சோதிப்பது போலக் கையேட்டையும் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் சோதிக்கலாம். ஐந்தாவதாக, வேறொரு கருவியில் அதே சொல்லுக்கு வேறு பொருள் இருப்பின், அது முதன்முதல் வரும் இடத்திலேயே ஒரு வரி விளக்கம் தரப்பட வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. தொடக்கத்தில் நாள் ஒதுக்கிச் செய்தால் போதும். பயனாளர் பெருகிய பின் ஒரு சொல்லை மாற்றுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை மேற்கண்ட வரலாறுகள் உணர்த்துகின்றன. பொதுப்பணத்தில் எழுதப்பட்ட மென்பொருளை, எழுதியவர் இல்லாதபோதும் அடுத்த அலுவலர் கையேட்டை மட்டும் கொண்டு உருவாக்கிக்கொள்ள முடிந்தால்தான் அது உண்மையில் பொதுச்சொத்தாகும்.