இடப்பக்க இருக்கையில் யார் உட்காரலாம்?

சென்னை மாநகரப் பேருந்தில் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. மயிலாப்பூர், அடையாறு வழியாக பெசன்ட் நகர் போகும் 29சியில் ஒரு திருநங்கை ஏறி அங்கே உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்துகொள்வார், அவ்வளவுதான்.

2021 மே 8 அன்று சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்கு இலவசப் பயணம் தொடங்கியபோது திருநங்கைகள் அதில் இல்லை. கோரிக்கை எழுந்தது, அடுத்த மாதமே சேர்த்தார்கள். ஆனால் டிக்கெட் வேறு. அரசு பணம் ஈடுகட்டக் கணக்கு வேண்டுமே என்றால், நியாயம்தான். எதைக் கிழித்துத் தருவது என்பதைக் கண்டக்டர் ஒரே பார்வையில் முடிவு செய்கிறார்.

பேருந்தில் அந்தப் பார்வையால் பெரிய நஷ்டமில்லை. தி.நகர் ஜவுளிக்கடையில் உண்டு: வாசலில் சோதனை போடுவது யார், சுடிதாரைப் போட்டுப் பார்க்க எந்த ட்ரையல் ரூம்? லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் இன்னும் அதிகம். அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கம் ஹாஸ்டல்களுக்குக் குறைவில்லை. வாடகைக்கு வீடு தேடி அலுத்தவருக்கு அங்கே ஒரு கட்டில் கிடைத்தால் பெரிய விஷயம். குடியிருப்பதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைச் சட்டம். வார்டன் சட்டத்தோடு மல்லுக்கு நிற்கமாட்டார். “பெட் காலி இல்லைம்மா” என்பார். இல்லாத இடத்தை இருந்தது என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது?

கோர்ட்டுகள் என்னவோ முன்னால்தான் போயின. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு விண்ணப்பத்தில் தனக்கான கட்டமே இல்லாத பிரித்திகா யாஷினிக்கு 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் வழிவிட்டது. கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பதிய மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ திருநங்கையும்தான் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 2023இல் வந்த மகளிர் உரிமைத் தொகையிலும் குடும்பத் தலைவியாகத் திருநங்கைக்கு இடம் உண்டு.

வேலை விஷயத்தில் மட்டும் கோரிக்கை மாறுகிறது. பெண்களுக்கான 30 சதவீதத்துக்குள் தங்களை அடைக்காமல் தனி ஒதுக்கீடு கேட்டுத் திருநங்கைகள் வழக்காடினார்கள். 2022இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஹாஸ்டலில் பெண், வேலையில் தனியா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதியிலேயே விரட்டப்பட்டவரை, படிப்பை முடித்தவரோடு ஒரே வரிசையில் ஓடவிடுவது போட்டியாகாது. ஹாஸ்டலில் கேட்பது சலுகை அல்ல, இரவில் பயமில்லாமல் தூங்க ஓர் இடம்.

தனி என்று வைத்ததில் அப்பட்டமாகக் குறைத்துக் கொடுத்த இடம் ஒன்று உண்டு. பெண்ணை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அந்த 2019 சட்டம் எழுதிவைத்த அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு.