உங்களுக்குத் தெரியுமா? பெட்டி ஒன்று, குறியீடு இரண்டு

திருவொற்றியூரில் துறைமுகம் நோக்கி நிற்கும் டிரெய்லர்களின் கன்டெய்னர் கதவைப் பாருங்கள். பெட்டி எண்ணுக்குக் கீழே ‘42ஜி1’ என்றிருக்கும்: 4 நாற்பதடி நீளம், 2 எட்டரை அடி உயரம், ஜி பொதுச் சரக்கு.

1995-க்கு முன் இதே பெட்டி ‘4310’. அதிலிருந்த 3 உயரத்தோடு இன்னொன்றையும் சொன்னது: டிரெய்லரின் கழுத்து நுழைய அடியில் பள்ளம் உண்டு. பள்ளம் இல்லாவிட்டால் ‘4210’. இந்தக் குறியீடுகளை வகுக்கும் ஐஎஸ்ஓ 6346 தரத்தை 1995-இல் திருத்தியபோது இலக்கங்களிடையே எழுத்து நுழைந்தது. பள்ளத் தகவல் போனது.

இலக்கம் மட்டுமே ஏற்கும் பழைய மென்பொருள் ‘ஜி’யைத் தள்ளிவிடும். பழையதைப் புதியதாக மாற்றுவது எளிது. ஆனால் அந்த மென்பொருளுக்காக ‘42ஜி1’ஐப் பழையதாகத் திருப்பினால் 4210ஆ, 4310ஆ? குறியீட்டை வைத்து எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. குனிந்து பெட்டியின் அடியைத்தான் பார்க்க வேண்டும்.