அமீன் எங்கே போகிறது?

தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை 2017 தொடக்கத்தில் உலகச் செய்திகளில் அடிபட்டது. நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்து, அதைக் கொண்டே சோடா ஆஷ் தயாரிக்கும் திட்டம் அது. அரசு மானியம் இல்லாமலே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் பலரையும் வியக்க வைத்தது. வாயுவைப் பிரிக்கும் வேலையைச் செய்வது அமீன் என்ற ரசாயனம் கலந்த ஒரு கரைசல்.

இத்தகைய திட்டங்களின் அறிவிப்பில் எத்தனை டன் வாயு பிடிபடும் என்பது தவறாமல் இருக்கும். கரைசல் எவ்வளவு குறைகிறது, குறைந்தது எங்கே சேர்கிறது என்பதை நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அமீனால் வாயுவைப் பிடிக்கும் உத்தி பழையது, 1930லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. கோபுரத்தின் உச்சியிலிருந்து கரைசல் வழிகிறது, அடியிலிருந்து புகை ஏறுகிறது. 40 முதல் 60 டிகிரி சூட்டில் அமீன் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். கரைசல் குளிர்ந்து மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும்.

ஆனால் முழுவதும் திரும்புவதில்லை. சூட்டிலும் புகையிலுள்ள ஆக்சிஜனாலும் அமீன் சிதைகிறது. கொஞ்சம் புகையோடு வெளியேறுகிறது. பரவலாகப் பயன்படும் மோனோஎத்தனாலமீனில், ஒரு டன் வாயுவுக்குச் சுமார் ஒன்றரை கிலோ அமீன் இழப்பாகும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் பிடிக்கும் ஆலையில் அது 150 டன். புதிய கரைசல்களில் இழப்பு குறைவு என்கிறார்கள். இருக்கலாம், அளவைக் காட்டட்டும்.

சிதைவில் அமோனியாவும் ஆல்டிஹைடுகளும் பிறக்கின்றன. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்தால் சில அமீன்களிலிருந்து நைட்ரோசமீன் உருவாகும். அவற்றில் பல புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. மோங்ஸ்டாட்டில் சோதனை நிலையம் கட்டிக்கொண்டிருந்த நார்வே, 2011லேயே இதற்கு வரம்பு வகுத்தது: நைட்ரோசமீனும் அதையொத்த நைட்ரமீனும் சேர்ந்து ஒரு கன மீட்டர் காற்றில் 0.3 நானோகிராம், ஒரு லிட்டர் குடிநீரில் 4 நானோகிராம். 2009ல் வந்த நம் தேசியக் காற்றுத்தர அளவுகோல் 12 மாசுகளைப் பட்டியலிடுகிறது. நைட்ரோசமீன் அதில் இல்லை. அமோனியா இருக்கிறது, நல்லவேளை. சிதைவின் முதல் தடயமே அமோனியாதான் என்பதால், அக்கம்பக்கத்து மக்கள் கேட்க வேண்டிய முதல் எண்ணும் அதுவே.

ஆலைக்குள் ஆபத்து இன்னும் நேரடியானது. அடர் அமீன் தோலையும் கண்ணையும் அரிக்கும். பம்ப் சீல் கசியும்போது அருகில் நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்குக் கண்ணாடியும் கையுறையும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கலனையும் அமீன் அரிக்கும். 1984 ஜூலை 23 அன்று அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் அமீன் கோபுரம் பிளந்து வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். தீயணைக்கப் போனவர்களும் அதில் அடக்கம். பழுதுபார்த்து வெல்டிங் செய்த இடத்தை ஒட்டித்தான் விரிசல் வளர்ந்திருந்தது. ஆகவே, கோபுரத்தில் வெல்டிங் நடந்திருந்தால் பிறகு எப்போது சோதித்தார்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயமான ஆலைகள் தங்கள் ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். உடனடி ஆபத்து தெரிந்தால் தொழிலாளி அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் சொல்லலாம். 2020ன் தொழிலகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவற்றைத் தொடர்கிறது. அபாயகரமான கழிவைக் கையாளும் ஆலைகள் அதன் விவரத்தையும் காற்று, நீர் வெளியேற்றத்தையும் வாசலில் பலகையாக வைக்க வேண்டும் என்பது 2003ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. பலகை இருக்கும், எழுத்து வெளுத்திருக்கும். அதையே புகாராக எழுதலாம்.

"கரைசலின் கலவை வணிக ரகசியம்" என்று பதில் வரக்கூடும். கலவையின் விகிதம் உங்களுக்கு வேண்டாம். பாதுகாப்புத் தரவுத் தாளையும், புகைபோக்கியில் அமீன், அமோனியா அளந்த முடிவுகளையும், கெட்டுப்போன கரைசல் யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதையும் கேளுங்கள். ஆலை தரவில்லையென்றால், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, ஆலைக்கு வாரியம் தந்த இசைவாணையின் நகலையும் சேர்த்து வாங்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய புகார் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் இரு அலுவலகங்களும் கை கழுவிவிடும்.

பாதிப்பு நேர்ந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விபத்தென்றால் ஆலையின் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிப்பு அங்கிருந்து வந்ததைக் காட்டினால் போதும். அதைக் காட்டவே பலரிடம் காகிதம் இருப்பதில்லை. ஆகவே மருத்துவமனைக்குப் போனால், சீட்டில் வெறும் "கண் எரிச்சல்" என்று எழுத விடாதீர்கள். எந்த ஆலை, எந்த ரசாயனம், எத்தனை மணிக்கு என்று சொல்லி எழுதச் செய்து, நகலை வீட்டில் வையுங்கள்.