தண்டனையும் அந்தரங்கமா? காவலர் பதிவேடுகளும் நம் கேட்கும் உரிமையும்



இலத்தூரில் இந்த நினைவுரையை ஆற்ற அழைத்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்த ஊர் அம்பாசமுத்திரம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை நாமும் அவர்களும் ஒரே மாவட்டம்தான். 2023 மார்ச்சில், விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பற்களைப் பிடுங்கினார் என்று அங்கே உதவிக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பல்வீர் சிங் மீது குற்றச்சாட்டு எழுந்தது. சார் ஆட்சியர் விசாரித்தார். பிறகு அமுதா ஐ.ஏ.எஸ். தலைமையில் உயர்மட்ட விசாரணை நடந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பின்னர் அந்த நீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது. குற்றச்சாட்டு மெய்யா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது வேறு. நீக்கியதற்கும் திரும்பச் சேர்த்ததற்கும் கோப்பில் என்ன காரணம் எழுதினார்கள்? பல்லை இழந்தேன் என்று சொல்கிறவர் அதைக் கேட்டு வாங்க முடியுமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது முடியும் என்றுதான் நம்பினோம். அதன் 8(1)(ஜே) பிரிவு தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தந்தது உண்மை. ஆனால் பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத தகவலுக்கும், அந்தரங்கத்தில் காரணமின்றி நுழையும் தகவலுக்கும்தான் அந்தத் தடை. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற ஒரு வரியும் அதில் இருந்தது. 2012 அக்டோபரில் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓர் அரசு அலுவலருக்குத் தரப்பட்ட மெமோக்களும் தண்டனை ஆணைகளும் அவருடைய தனிப்பட்ட விவரங்கள் என்றது. அது போலீஸ்காரர் வழக்கே அல்ல. ஆனாலும் லாக்கப்பில் அடித்தவருக்கு என்ன தண்டனை என்று கேட்டாலும் அதே தீர்ப்பைக் காட்டி மறுக்கலாம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவின் நிபந்தனைகளையும் சட்டமன்ற வரியையும் வெட்டியெறிந்தது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

நியூயார்க்கில் இதற்கு நேரெதிராக நடந்தது. போலீஸ்காரர்களின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மூடிவைத்த 50-ஏ என்ற சட்டம் அங்கே 1976 முதல் இருந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டத்தில், 2020 ஜூன் 12 அன்று அதை ரத்து செய்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 19 அன்று, சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்சையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், கேமராப் பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைத் தம் அறிக்கையில் எழுதினார். பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னதால்தான் உள்ளே நடந்தது வெளியே வந்தது. ஒரு பெண்ணின் துணிச்சலை நம்பியா ஓர் ஊரின் உயிர் இருக்க வேண்டும்?

புகார் ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் அதை அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாநிலத்தில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கியது. காவல் கண்காணிப்பாளர் அதில் உறுப்பினர். யாருடைய ஆட்கள் மீது புகாரோ அவரே விசாரிக்க உட்காருகிறார். இதற்கு ஆணையம் என்று பெயர் வைத்ததுதான் வேடிக்கை.

ஆனாலும் கேட்க வழி இருக்கிறது. மாவட்டக் காவல்துறை தகவல் சட்டத்துக்கு வெளியே இல்லை. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. மனுவில் அதை எழுதுங்கள். 'இன்ன இன்ஸ்பெக்டரின் பணிப்பதிவேடு வேண்டும்' என்று கேட்டால் அன்றே கதவை அடைப்பார்கள். 'இந்தத் தேதியில் நான் கொடுத்த புகாரின் மீது என்ன நடவடிக்கை? 3(ஏ) மெமோவா, 3(பி)யா? இறுதி ஆணை எந்தத் தேதியில்?' என்று உங்கள் புகாரைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பெயரில்லாமல் எண்ணிக்கையும் கேளுங்கள்: மூன்றாண்டில் மாவட்டத்தில் எத்தனை 3(பி), பதவிவாரியாக எத்தனை தண்டனை. நம் பிள்ளைகளும் காவலர்களாக இருக்கிறார்கள். தண்டனை அவர்களோடு நின்றுவிடுகிறதா, ஆய்வாளர் வரை ஏறுகிறதா என்பதை அந்தக் கணக்குதான் காட்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவை நாம் மிகக் குறைவாகவே கையில் எடுக்கிறோம். வாய்மொழிப் புகாரை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். வழக்குப் பதிய வேண்டும். நகல் உடனே தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே இதைச் செய்யத் தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அதற்கு முன் துறை சார்ந்த விசாரணையின் பரிந்துரை தேவை. அதனால்தான் அந்த விசாரணை நடந்ததா, என்ன பரிந்துரைத்தது என்று கேட்பது ஒருவருடைய அந்தரங்கத்தைக் கேட்பதாகாது.

கேமராப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. மனித உரிமை ஆணையமோ மனித உரிமை நீதிமன்றமோ அதை வரவழைத்துப் பாதுகாக்கலாம். சம்பவம் நடந்த அன்றே தேதி, நேரம், காவல் நிலையம் குறித்து மனு அனுப்புங்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போதே தகவல் கேட்டால், அது உயிரும் சுதந்திரமும் சார்ந்தது, 48 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று மனுவின் தலையிலேயே எழுதுங்கள். மற்றவற்றுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவின் நகலையும் பதிவுத் தபால் ரசீதையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.